கிளிநொச்சிக்கு நீர்ப்பாசன எஞ்சினியராகப் போகிறவர் குடும்பத்தையும் கூட்டிப் போவதா?

பேராதனையில் சிவில் முடித்து, கொழும்பில் ஒரு கட்டடக் கொம்பனியில் சில காலம் வேலை பார்த்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வடமாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நியமனம் வந்திருக்கிறதாம், போடப்போவது கிளிநொச்சிப் பக்கமாம். மனைவி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை, இரண்டு சின்னப் பிள்ளைகள். குடும்பத்தை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போனால் போதுமா, இல்லை எல்லாரும் பெயர்ந்து போவதா, அந்த வேலைதான் உண்மையில் எப்படிப்பட்டது என்பது அவருடைய கேள்வி.

கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விடுங்கள். ஏன் என்று விளங்கப்படுத்த, குடும்பத்தை விட்டுவிட்டு முதலில் குளத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் எஞ்சினியர் இல்லை. கல்கமுவவில் நீர்ப்பாசனப் பயிற்சி முடித்து 80களில் ரீ.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆகச் சேர்ந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குளக்கட்டுகளிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். எஞ்சினியர்மார் வருவார்கள், போவார்கள், ரீ.ஓ. அங்கேயே கிடப்பான். அதனால் யாருக்கு அந்த வேலை சரிவந்தது, யாரை அது தின்றது என்று பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தது.

கொழும்பில் நீங்கள் பார்த்த வேலையில் ஒரு கட்டடம் எழும்பும், முடியும், பால் காய்ச்சுவார்கள், நீங்கள் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவீர்கள். இங்கே கட்டுகிற வேலை எப்போதோ முடிந்துவிட்டது. கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவுக்கு ஹென்றி பார்க்கர் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் யோசனை சொன்னது 1885இல், வேலை தொடங்கியது 1902இல், முடிந்தது 1920 அளவில். பிறகு 50களிலும் 70களிலும் கட்டை உயர்த்தினார்கள், போர் முடிந்த பிறகு இன்னொருமுறை உயர்த்தி 34 அடியாக இருந்த முழு நீர்மட்டத்தை 36 அடியாக்கினார்கள். கிளிநொச்சி என்ற ஊரே அந்தத் தண்ணீரை நம்பி 1936இல் குடியேற்றமாகத் தொடங்கியதுதான். வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாம் காட்டுக்குள் உடைந்து கிடந்த பழைய குளங்கள், போன நூற்றாண்டின் நடுவில் திருத்தி எடுத்தார்கள். ஆக, உங்கள் கைக்கு வரப்போவது உங்கள் பாட்டனார் காலத்து மண்கட்டு. அது உடையாமல், அதற்குக் கீழே உள்ள வயலும் காயாமல், உங்கள் காலம் கழிய வேண்டும். உடையாத கட்டுக்கு யாரும் பெயர்ப்பலகை வைக்கமாட்டார்கள். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் கொம்பனியிலேயே இருந்துவிடுங்கள், நான் குறையாகச் சொல்லவில்லை.

எந்தக் குளம் யாருக்கு என்பதையும் வந்தவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 80 ஹெக்டயருக்குக் குறைந்த வயலுக்குத் தண்ணீர் விடுகிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, அதற்கு மேலானவை உங்களுக்கு, மன்னார்க் கட்டுக்கரைக்குளம் மாதிரி மாகாண எல்லை தாண்டி வரும் ஆற்றை நம்பியவை மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. கடதாசியில் இது ஒழுங்காக இருக்கும். தண்ணீர் முற்றத்துக்கு வரும்போது சனம் இதையெல்லாம் பார்க்காது, எஞ்சினியர் எங்கே என்றுதான் கேட்கும்.

சரி, வேலை. மாரிக்கு முன்னம் வாய்க்கால் துப்புரவு, வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசுக் கதவுக்குக் கிரீஸ், கட்டில் முளைத்த பற்றை வெட்டுவது, கொன்ராக்டரோடு பில்லுக்கு மல்லுக்கட்டுவது, இதெல்லாம் நீங்களே பழகிவிடுவீர்கள். பல்கலைக்கழகத்தில் படித்தும் கட்டில் நடந்தால்தான் பிடிபடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது, கசிவு. குளம் நிரம்பி நிற்கிற காலத்தில் விடியற்காலை கட்டின் மேலால் மோட்டார் சைக்கிளில் ஒரு ஓட்டம் ஓடி ‘எல்லாம் ஓகே’ என்று பதிந்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கட்டின் மேலே ஒன்றும் தெரியாது. கீழே இறங்கி, வயல் பக்கத்து அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். புல் காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக இருந்தால் நில்லுங்கள், கால் புதைந்தால் குந்தியிருந்து பாருங்கள். மண்கட்டு என்றால் கசியத்தான் செய்யும், தண்ணீர் தெளிவாக வந்தால் அளந்து எழுதிவைத்துவிட்டுப் போகலாம். கையில் ஏந்திப் பார்க்கும்போது கலங்கலாக இருந்தால் கட்டுக்குள் இருக்கிற மண்ணைத் தண்ணீர் கொண்டுவருகிறது என்று அர்த்தம், அப்புறம் சோறு தண்ணி கிடையாது. புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் அந்த வாயைக் களிமண் போட்டு அடைக்கச் சொல்வார்கள். அடைத்தால் அது வேறு இடத்தால் வெடிக்கும். முதலில் மணல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் கல் என்று போட்டு, தண்ணீரை வரவிட்டு மண்ணை மட்டும் மறிக்க வேண்டும். சுற்றிவர மண்மூட்டை அடுக்கி அந்த இடத்தில் தண்ணீரைக் கொஞ்சம் உயரவிட்டால் உள்ளிருந்து தள்ளுகிற வேகமும் குறையும். இதை இரவில், மழைக்குள், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் செய்வதற்கு உங்களுக்கு ஆள் வேண்டும். ஊர்ச்சனம் வந்தால்தான் ஆள். உங்களை முன்பின் தெரிந்தால்தான் ஊர்ச்சனம் வரும். குடும்பம் எங்கே இருப்பது என்ற உங்கள் கேள்வி இந்த இடத்தில் உள்ளே வருகிறது.

கட்டில் மரம் வளரவிடாதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். நிழலுக்கு நல்லது, பார்க்க அழகு என்று யாராவது பிரமுகர் மரநடுகை விழாவுக்கு வருவார். வேர் செத்து உக்கினால் அந்த வழியே தண்ணீருக்குக் குழாய். கறையான் புற்றும் அப்படித்தான், உடும்பு, முள்ளம்பன்றி தோண்டுகிற வளையும் அப்படித்தான்.

அடுத்தது வான்கதவு, குளத்தில் கூடுகிற தண்ணீரை வெளியே விடுகிற கதவு. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு, தண்ணீர் கூடினால் திறக்க வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மைல் நிலத்திலிருந்து ஒரு அங்குல நீர் ஓடிவந்தால் 53 ஏக்கர்-அடி, அதாவது 53 ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். கனகராயன் ஆறு இரணைமடுவுக்குத் தண்ணீர் சேர்க்கிற நிலம் 200 சதுர மைலுக்கு மேல். அப்படியானால் ஒரேயொரு அங்குலம் ஓடிவந்தாலே 10,000 ஏக்கர்-அடிக்கு மேல், கிட்டத்தட்டக் குளத்தின் பத்திலொரு பங்கு. காய்ந்த நிலத்தில் பெய்கிற முதல் மழையில் பாதிக்கு மேல் நிலம் குடித்துவிடும். கார்த்திகை மார்கழியில் நிலம் ஊறி, மேலே உள்ள சின்னக் குளங்களும் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருக்கும்போது பெய்கிற மழை அப்படியே வரும். சின்னக் குளமொன்று உடைந்தால் அதன் தண்ணீரும் சேர்ந்து வரும்.

இப்போது குளம் நிரம்ப ஒன்றரை அடி இருக்கிறது, வானிலை அறிக்கை தாழமுக்கம் என்கிறது என்று வையுங்கள். நேரத்தோடு கதவைத் திறந்தால் வெள்ளம் மெதுவாகப் போகும். மழை வராமல் தாழமுக்கம் இந்தியாப் பக்கம் திரும்பிவிட்டால், மாசியில் குளம் அந்த ஒன்றரை அடி குறைவாக நிற்கும். கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாலைந்து ஏக்கர்-அடி தேவை, ஆக எத்தனை பேருடைய வயலை நீங்கள் கடலுக்கு விட்டீர்கள் என்று கமக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். திறக்காமல் பொறுத்திருந்து மழை கொட்டினால் எல்லாக் கதவையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டிவரும், பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைச் சனம் விடிய எழும்பிக் கட்டிலால் காலை வைக்கும்போது தண்ணீர். இரண்டு பக்கமும் ஏச்சு. இதற்குப் புத்தகத்தில் விடை கிடையாது, ஒழுங்குவிதி இருக்கிறது, அந்த விதியை எந்த நேரத்தில் கையில் எடுப்பது என்பது உங்கள் தலையில்.

2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழை நினைவிருக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் வெள்ளத்தில் கிடந்தன, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளில் இருந்தன, கதவு எப்போது திறந்தது என்பதைப் பற்றி விசாரணையும் நடந்தது. யாரில் பிழை என்பதற்குள் நான் போகவில்லை. நாள் எது என்று மட்டும் பாருங்கள். அது வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் சனி, அதோடு போயா. அடுத்த செவ்வாய் நத்தார். அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்து மழை வந்தது. மாரி அப்படித்தான் வரும், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எந்த வெள்ளிக்கிழமையும் வரும்.

குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? கெட்டவராக இருக்கத் தேவையில்லை, நல்ல தகப்பனாக இருந்தாலே போதும், புதன்கிழமையிலிருந்து மனம் பஸ்ஸில் ஏறிவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் குளத்தைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா? 65 கிலோமீற்றர்தான், ஒன்றரை மணித்தியாலப் பாதை, தினம் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள், கந்தோர் வேலைக்கு அது பரவாயில்லை. கதவுக்குப் பொறுப்பானவருக்கு ஒத்துவராது.

நான் சேர்ந்தபோது எனக்கு மேல் இருந்த எஞ்சினியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அவருக்குப் பெயர் வேண்டாம், நாங்கள் ‘பெரிய சேர்’ என்போம். அவருக்கு முந்தின தலைமுறை எஞ்சினியர்மார் மலேரியாப் பயத்தில் பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, கொய்னா மாத்திரையோடு தனியாக வந்து கிடந்தவர்கள், அதில் நியாயமும் இருந்தது. இவர் கலியாணம் முடித்த கையோடு மனைவியைக் குளத்தடிக் குவாட்டர்ஸுக்குக் கூட்டி வந்துவிட்டார். ஓட்டுக்கூரை, வௌவால் நாற்றம், தண்ணீர் கிணற்றில் அள்ள வேண்டும். அன்ரி, அவருடைய மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம், முதல் மாதம் முழுக்க அழுததாகத் தானே சொல்லிச் சிரிப்பார். மூன்று பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தார்கள்.

சேரிடம் ஒரு பிடிவாதம். எங்கே வேலை நடந்தாலும் மத்தியானச் சோறு வீட்டில்தான். அதற்காகத் தூரத்து வாய்க்கால் வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு வருவார், எங்களையும் கலைப்பார். பின்னேரம் கட்டுக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போவார். துருசடியில் நீர்மட்ட அளவுகோல் நிற்கும், அடி, அங்குலம் போட்ட வெள்ளைப் பலகை, அலை அடித்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சட்டென்று சொல்ல முடியாது. மூத்த பெண்பிள்ளை அப்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. அவளைக் கல்லில் இருத்தி, அலை ஏறுகிற கோட்டையும் இறங்குகிற கோட்டையும் பார்த்து நடுவைச் சொல்லச் சொல்வார். அவள் சொல்வாள், நான் பார்த்துச் சொல்வேன், வித்தியாசம் வந்தால் சேர் மூன்றாவதாகப் பார்ப்பார். பலமுறை பிள்ளைதான் சரி. பின்னம் படித்தது பள்ளிக்கூடத்திலா குளத்திலா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கன நாளைக்குப் பிறகு ஒரு மாரியில், சேர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் மாட்டுப்பட்டுக்கிடக்க, அன்ரி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, பின்னேரம் இருந்ததுக்கு இப்ப நாலு விரக்கடை ஏறியிருக்காம், பிள்ளை பாத்திட்டு வந்தவள், ஒருக்கா போய்ப் பாருங்கோ” என்றார். திணைக்களத்தில் சம்பளம் வாங்காத ஆள் ஒரு வீட்டில் மூன்று நான்கு பேர் இருந்தால் குளத்துக்கு எவ்வளவு காவல் என்று பாருங்கள்.

அந்த வீட்டுக்குக் கமக்காரர் வந்து போவார்கள். கந்தோரில் மனு எழுதிக் கொடுக்கப் பயப்படுகிறவர், திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எந்த வாய்க்காலில் யார் இரவில் பலகையைத் தூக்கித் தண்ணீர் களவெடுக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போவார். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போகுமுன்னமே சேருக்குப் பாதிக் கூட்டம் முடிந்துவிடும். அந்தக் கூட்டத்தை நீங்கள் இன்னும் கண்டிருக்கமாட்டீர்கள். அரசாங்க அதிபர் தலைமை, கமக்கார அமைப்புகள், கமநல சேவை, விவசாயத் திணைக்களம் எல்லாரும் இருப்பார்கள். எத்தனை ஏக்கர், முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, கட்டாக்காலி மாட்டை எப்போதிருந்து கட்டுவது எல்லாம் அங்கேதான் தீர்மானம். மாரிப் பயிரான காலபோகத்தில் பெரிய பிரச்சினை வராது, மழை பாதியைப் பார்த்துக்கொள்ளும். சிறுபோகத்தில்தான் சண்டை. இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது, சித்திரையில் குளத்தில் இருக்கிற தண்ணீர் எல்லாருக்கும் காணாது. ஒரு பகுதியை மட்டும் விதைத்து அதில் மற்றவர்களுக்கும் பங்கு கொடுப்பதென்று முடிவெடுப்பார்கள். வாய்க்காலின் தலைப்பக்கத்துக் காணிக்காரர், கடைசிக் காணிக்காரர், காணி இல்லாமல் குத்தகைக்குச் செய்கிறவர், மூன்று பேருக்கும் மூன்று நியாயம். அந்த இடத்தில் உங்களுடைய பட்டத்துக்குப் பெரிய மதிப்புக் கிடையாது. ‘இந்த மனிசன் இங்க இருக்கிறவர், நாளைக்கும் இருப்பார்’ என்பதற்குத்தான் மதிப்பு. நீங்கள் குளத்தில் இவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்லும்போது நம்ப வேண்டுமே.

யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கதையும் உங்களிடம் வரும், கூட்டத்தில் மட்டுமல்ல, கலியாண வீட்டிலும் வரும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளராக இருந்த எஸ். ஆறுமுகம் 1950களில் போட்ட ‘யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு’ திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியில் போய் விழுகிறது, அந்த ஏரியைக் கடலிலிருந்து மறித்து நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்கு விடுவது. அணைகள் சில கட்டினார்கள், முள்ளியான் வாய்க்கால் முடியாமல் கிடந்தது. வான் பாய்ந்து கடலுக்குப் போகிற தண்ணீரைக் கேட்ட திட்டம் அது, அதனால் எனக்கு அதில் இன்றைக்கும் மதிப்பு. பிறகு வந்த குடிநீர்த் திட்டம் குளத்துத் தண்ணீரையே கேட்டது, கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள், கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். உங்கள் மனைவி யாழ்ப்பாணம், நீங்கள் வேலை செய்வது இரணைமடு, மாமனார் வீட்டில் இந்தப் பேச்சு எழும்பினால் சோற்றைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

போர்க்காலத்தைச் சொல்லாமல் வன்னி எஞ்சினியரின் சீவியத்தைச் சொல்ல முடியாது. 90களில் சீமெந்து, இரும்பு, டீசல் ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். துருசுச் சுவர் வெடித்தால் பூசச் சீமெந்து இல்லை, மண்மூட்டையும் பனங்குற்றியும்தான். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவோம், கறுப்புப் புகை. சேரோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கனடா, அவுஸ்திரேலியா என்று போய்விட்டார்கள், அவருக்கும் கடிதம் வந்தது, அன்ரியும் போகலாம் என்றுதான் சொன்னார். சேர் மறுக்கவும் இல்லை, வெளிக்கிடவும் இல்லை, ‘இந்த மாரி போகட்டும்’ என்றே பல மாரியைக் கடத்தினார். அவரை நான் பெரிய தியாகி என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்கு அதனால் என்னவெல்லாம் தவறிப்போனது என்று அன்ரி சொல்லிக் கேட்டிருக்கிறேன், அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

96இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றினார்கள். நான் அங்கே நின்றேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடப் பத்திரங்களும் ஒரு தகரப் பெட்டியில். அதே பெட்டிக்குள் சேர் நீர்மட்டப் பதிவுப் புத்தகங்களையும் கட்டின் குறுக்குவெட்டுப் படங்களையும் பொலித்தீனில் சுற்றித் திணித்தார். பெட்டி மூடவில்லை. அன்ரி தையல் மெஷினை ஏற்றச் சொல்லி நின்றவர், கண்டதும் வந்தாரே கோபம். “ஏனப்பா, மெஷினை விட்டிட்டு உந்தக் கொப்பியளையோ ஏத்திறியள்? உதை ஆர் திண்ணிறது?” சேர் ஒன்றும் பேசாமல் இறங்கி, தன்னுடைய உடுப்புப் பையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மெஷினுக்கு இடம் எடுத்தார். கொப்பிகளும் போயின, மெஷினும் போனது, சேர் இரண்டு சாரத்தோடு ஸ்கந்தபுரத்தில் மாதக்கணக்காக இருந்தார். அந்த மெஷின்தான் பிறகு அவர்களுக்குச் சோறு போட்டது என்பதையும் எழுத வேண்டும், சம்பளம் ஒழுங்காக வராத காலம் அது. கொப்பிகளில் பாதியைக் கறையான் தின்றது. மிச்சம் மழைக் கணக்குப் பார்க்க 2010க்குப் பிறகு உதவியது, ஏனென்றால் கந்தோரில் இருந்தவை ஒன்றும் மிஞ்சவில்லை.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது சேர் ஓய்வு பெற்று இருந்தார். சனம் தருமபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே, மேலே ஷெல், கீழே வெள்ளம். அடுத்த ஜனவரியில் கல்மடுக் குளத்தின் கட்டு உடைக்கப்பட்டது. அதைப் பற்றி அவர் எங்களோடு கதைத்ததே இல்லை. திரும்பிவந்த பிறகு வாய்க்கால் திருத்தத்தை நாங்கள் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்குப் பின்னால் நடந்துதான் தொடங்கினோம், அவர்கள் முடித்த துண்டுக்கு மட்டும் எங்களுக்கு அனுமதி. சேர் வயதோடு வந்து கட்டில் நின்று, மண் எங்கே எடுக்கிறீர்கள், ஈரப்பதம் பார்த்தீர்களா, எத்தனை அங்குலத் தட்டாகப் போட்டு உருட்டுகிறீர்கள் என்று கொன்ராக்டரின் பெடியளைக் கேட்டுத் தொல்லை கொடுப்பார். கொன்ராக்டர் ஒருவர் ‘இந்தக் கிழவனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறது’ என்று என்னிடம் கேட்டார். கேட்டவருடைய துண்டில்தான் அடுத்த மாரியில் கட்டு தாழ்ந்துபோனது.

இனி உங்கள் வீட்டு விஷயம். மனைவி ஆசிரியை என்றீர்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்கு வெளிமாவட்டச் சேவை என்று ஒன்று இருக்கிறது, எப்போதாவது அந்தக் கடிதம் வரக்கூடும். அது வந்து அவர் துணுக்காய்க்கும் நீங்கள் இரணைமடுவுக்குமாகப் பிரிந்து நிற்பதைவிட, இப்போதே தானாக விரும்பிக் கிளிநொச்சிப் பக்கத்துக்குக் கேட்டால், அந்தச் சேவையும் கழியும், ஒரே வீட்டிலும் இருக்கலாம். விண்ணப்பக் காலம் முடிந்துவிடும், அதனால் உங்கள் நியமனக் கடிதம் கையில் வந்த கிழமையே வலயக் கல்விக் கந்தோரில் விசாரிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிரச்சினையில்லை, கிளிநொச்சி மத்திய கல்லூரி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கிறது, ரயிலும் 2013இலிருந்து மறுபடி வருகிறது. அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடம் இருப்பதால், மேலே படிக்க நினைத்தாலும் ஊரைவிட்டு வெளிக்கிடத் தேவையில்லை. மலேரியாவும் இப்போது இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையில் இல்லையென்று சான்று கொடுத்துவிட்டது. டெங்கு இருக்கிறது, அது யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.

மனைவிக்கு முதல் வருடம் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்காமல் முன்னமே சொல்லுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு குளத்தடிப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு, மாரியில் நீங்கள் எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது, தைப்பொங்கல் வரைக்கும் அவர்தான் வீடு முழுக்கப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சித்திரை, வைகாசிக்குப் பிறகு தண்ணீர்ப் பங்கீடு ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் உங்களுக்கு நேரம் கிடைக்கும், லீவு எடுப்பதானால் ஆவணியில் எடுங்கள். புரட்டாசிக்கு முன் திரும்பிவிடுங்கள்.

குவாட்டர்ஸ் கொடுத்தால் கூரையையும் கிணற்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். முன்னிருந்தவர் பூசிவிட்டுப் போன வெடிப்பெல்லாம் முதல் மழையில் தெரியும். இயன்றால் ஆவணிக்குள் பொறுப்பெடுங்கள், குளம் வற்றியிருக்கும்போதுதான் கட்டின் உட்புறக் கல்லடுக்கு எங்கே சரிந்திருக்கிறது, துருசின் வாய் எப்படி இருக்கிறது என்று கண்ணால் காணலாம். நிறைந்த பிறகு வருகிறவர் அடுத்த வருடம் வரைக்கும் மற்றவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள், ஆனால் குளத்தில் வேண்டாம், முதலை இருக்கிறது.